பூட்டிய வீடு, இரவு ரோந்து, பீட் போலீஸ்: ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

வாசகர் கேள்வி – 3 ஆகஸ்ட் 2025

எங்கள் நகரில் அடுத்தடுத்து இரண்டு வீட்டில் பூட்டை உடைத்துவிட்டார்கள். ஒரு அக்கா காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்த இரண்டு பேர் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரே சத்தம். கேமரா போடு என்று பாதிப் பேர். இளவட்டங்கள் தடியோடு ராத்திரி சுற்றட்டும் என்று மீதிப் பேர். போலீஸோடு சேர்ந்து ஒரு குழு அமைக்கலாமே என்றேன். 'வந்து டீ குடிச்சிட்டுப் போவாங்க, அவ்வளவுதான்' என்று உட்கார வைத்துவிட்டார்கள். மக்களும் போலீஸும் சேர்ந்து திருட்டைக் குறைத்தது எங்காவது உண்மையிலேயே நடந்திருக்கிறதா, இல்லை மேடைப் பேச்சா?

3 ஆகஸ்ட், இரவு

நடந்திருக்கிறது. அதுவும் எங்கள் திருச்சியிலேயே.

1999இல் ஜே.கே. திரிபாதி மாநகரக் காவல் ஆணையராக வந்தார். பின்னால் தமிழக டிஜிபி ஆனவர்தான். கோவைக் குண்டுவெடிப்பு நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது, பக்கத்துத் தெருக்காரரையே சந்தேகமாகப் பார்த்த காலம். அவர் ஊரைச் சின்னச் சின்ன பீட்டுகளாக, அதாவது ரோந்துப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நான்கு காவலர்களைப் பொறுப்பாக்கினார். இன்ஸ்பெக்டரோ எஸ்ஐயோ இல்லை, சாதாரணக் கான்ஸ்டபிள்கள். அவர்களுக்குத்தான் 'பீட் ஆபீசர்' என்று பெயர். ஆங்காங்கே புகார்ப் பெட்டி வைத்தார்கள், பெயர் எழுதாமலும் போடலாம். குடிசைப் பகுதிகளைக் காவல்துறையே தத்தெடுத்துக்கொண்டது.

நான் அப்போது உறையூரில் இருந்தேன். எங்கள் பக்கம் வந்த காவலருக்கு எந்த வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், எந்தப் பையன் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுச் சுற்றுகிறான், எந்தத் திண்ணையில் ராத்திரி சீட்டாட்டம் நடக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. அம்மா அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். காக்கிச்சட்டை தெருவுக்குள் நுழைந்தால் எதிர்வீட்டுக்காரர் என்ன தப்பு செய்தார் என்று எட்டிப்பார்க்கிற பழக்கம் எங்கள் தெருவில் அப்போது போயிற்று.

டீ குடித்துவிட்டுப் போவார்கள் என்று சொன்னவரிடம் இதைச் சொல்லுங்கள்: டீ குடிக்கட்டும். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து குடிக்க வேண்டும். முக்கியம் அதுதான்.

4 ஆகஸ்ட்

'அப்படியென்றால் அந்தத் திட்டம் இப்போது எங்கே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பீட் முறை பெயரளவில் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் அதிகாரி மாறினார், முன்னுரிமை மாறியது, ஆட்கள் பந்தோபஸ்துக்கும் கோர்ட்டுக்கும் இழுக்கப்பட்டார்கள். எங்கள் தெருவுக்கு வந்த முகங்கள் மாறிக்கொண்டே போய், கடைசியில் யாரும் யாருக்கும் தெரியாது என்ற நிலைக்கு வந்தது. ஒரு நல்ல அதிகாரியின் ஆர்வத்தில் ஓடுகிற எதற்கும் இந்தக் கதிதான்.

4 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

இன்னொன்று. நேற்று ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் அவ்வளவு கூட்டம். செயினைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ளச் சொல்லி மைக்கில் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். கூட்டத்துக்கு அது போதும். உங்கள் நகர்ப் பிரச்சினைக்கு அது போதாது. கோலம் போடும் நேரத்தில் செயின் பறிப்பது யார் எப்போது வாசலுக்கு வருவார் என்று பார்த்து வைத்துச் செய்வது. அதனால் அந்த ஐந்தரை, ஆறு மணிக்குத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பால் போடுபவர், பேப்பர் பையன், துப்புரவுப் பணியாளர்கள், நடைப்பயிற்சி போகிறவர்கள். உங்கள் குழுவில் முதலில் சேர்க்க வேண்டியது இவர்களை. சங்கத்துக்குச் சந்தா கட்டுகிற வீட்டுக்காரர்கள் அப்புறம்.

7 ஆகஸ்ட்

தடியோடு ரோந்து பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் இதற்கு முழு எதிர்ப்பு.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில் என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் அறுபத்தைந்து வயது அம்மா. பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். ஊரே திரண்டு அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார், கூட வந்தவர்கள் படுகாயம். அதே நாட்களில் பழவேற்காட்டில் யாரென்றே தெரியாத ஒரு மனிதரை அடித்துக் கொன்றார்கள். அடித்தவர்கள் ரவுடிகள் இல்லை. தங்கள் ஊரைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பிய சாதாரண ஆட்கள்.

நம் பேப்பர்களில் வாரம் ஒருமுறையாவது 'பொதுமக்கள் தர்ம அடி கொடுத்துப் போலீசில் ஒப்படைத்தனர்' என்று வரும். அதைப் படித்துப் படித்து, பிடித்தால் அடிக்கலாம் என்பதே சட்டம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தை உங்கள் கண்ணெதிரே ஒருவன் செய்தால் நீங்கள் பிடித்து வைக்கலாம். தேடப்படும் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டவனையும் பிடிக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 43ஆவது பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 40ஆவது பிரிவு. தாமதிக்காமல், ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கம்பத்தில் கட்டி வைத்து அடித்தால் உங்கள் மேலேயே வழக்கு வரும், வரவும் வேண்டும். சந்தேகமாக நடந்துபோகிறவனைப் பிடிக்க உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

கண் இருக்கட்டும், போன் இருக்கட்டும். கையில் தடி வேண்டாம்.

9 ஆகஸ்ட்

'போலீஸ் நண்பர்கள் குழு' ஏற்கெனவே இருந்ததே, அது என்னாயிற்று என்ற கேள்விக்கு. அதைத் தொடங்கியது 1993இல் ராமநாதபுரத்தில், அப்போது அங்கே எஸ்பியாக இருந்த பிரதீப் வி. பிலிப். தன்னார்வலர்கள் போலீசுக்கும் மக்களுக்கும் நடுவே பாலமாக இருப்பார்கள் என்பது எண்ணம். பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. நல்ல வேலையும் நடந்தது. திருவிழாக் கூட்டம், போக்குவரத்து, வழிதவறிய குழந்தைகள்.

2020 ஜூனில் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அந்த இரவு நிலையத்தில் நண்பர்கள் குழு ஆட்களும் இருந்தார்கள் என்ற புகார் எழுந்தது. ஜூலையில் அரசு அந்த அமைப்பையே தடை செய்தது. திருச்சியில் பீட் முறையைக் கொண்டுவந்த அதே திரிபாதிதான் அப்போது டிஜிபி.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். பாலமாக இருக்க வந்தவர்களை வாகனத் தணிக்கையிலும் ஊரடங்குக் கெடுபிடியிலும் லத்தியோடு நிறுத்தியபோதே அது கெட்டுவிட்டது. அதிகாரம் இருக்கிறது, பயிற்சி இல்லை, தப்பு செய்தால் பதில் சொல்லும் பொறுப்பும் இல்லை. உங்கள் நகரில் குழு அமைத்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: உறுப்பினர் யாரும் ஸ்டேஷனுக்குள் விசாரணை நேரத்தில் இருக்கக்கூடாது, யாரையும் நிறுத்திச் சோதிக்கக்கூடாது, அடையாள அட்டையைக் காட்டி எங்கும் போய் நிற்கக்கூடாது.

9 ஆகஸ்ட், மாலை

கடுமையாக எழுதிவிட்டேன் என்கிறார் பழைய உறுப்பினர் ஒருவர். தன்னலமில்லாமல் உழைத்தவர்கள் அதில் ஏராளம் என்பதை நானும் நம்புகிறேன். விதி கடுமையாக இருந்தால்தான் அந்த நல்லவர்களுக்கும் பாதுகாப்பு.

15 ஆகஸ்ட்

கொடியேற்றம் முடிந்து மிட்டாய் வாங்கிக்கொண்டு அப்படியே சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து பேசினோம், எங்கள் நகரிலும் இதே பேச்சுதான். கேமரா விஷயத்தை அங்கே சொன்னபடியே இங்கேயும் சொல்கிறேன்.

சென்னையில் ஏ.கே. விஸ்வநாதன் ஆணையராக இருந்த காலத்தில் 'மூன்றாவது கண்' என்று ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா வைக்க முயன்றார்கள். வணிகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் பணம் போட்டார்கள். நடந்த குற்றத்தைத் துப்புத் துலக்க அது பெரிய உதவி. பைக் எந்தச் சந்து வழியாக வந்து எங்கே திரும்பியது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள். ஆகவே போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போட்டபின் யார் பார்ப்பது, பழுதானால் யார் காசு கொடுப்பது, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் கேட்டால் கொடுப்பது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பக்கத்து நகரில் கேமரா இருந்தது, உடைப்பு நடந்த அன்று ஹார்டு டிஸ்க் வேலை செய்யவில்லை. குரங்கு ஒயரைப் பிய்த்துப்போட்டு மாதக்கணக்காகியும் யாரும் கவனிக்கவில்லை.

பெண்பிள்ளைகள் வீட்டு வாசலை நோக்கிக் கேமரா திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் இதைக் கேட்டது ஒரு கல்லூரி மாணவி. பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

24 ஆகஸ்ட்

வெளிநாட்டு உதாரணம் கேட்டவருக்காக இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி, 1972–73. பதினைந்து பீட்டுகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் கார் ரோந்தை நிறுத்தினார்கள், கூப்பிட்டால் மட்டும் போவது. ஒன்றில் வழக்கம்போல. ஒன்றில் இரண்டு மூன்று மடங்கு. ஓராண்டு கழித்துப் பார்த்தால் குற்றத்திலும் வித்தியாசம் இல்லை, மக்களின் பயத்திலும் வித்தியாசம் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜீப்பில் சுற்றுவதால் பெரிதாக எதுவும் மாறாது. பின்னால் நியூவர்க் நகரில் போலீஸ் நடந்தே ரோந்து போவதைச் சோதித்தபோது குற்ற எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் மக்களின் பயம் குறைந்தது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பயம் குறைந்தால்தான் ஜனங்கள் சாயங்காலம் வாசலில் உட்காருவார்கள்.

இரண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பு, இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகள். 1986இல் அங்கே வீடு புகுந்து திருடுவது மிக மோசம். கணக்கெடுத்தால், ஒருமுறை திருடு போன வீட்டிலேயே மறுபடி திருடு போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. வழி தெரியும், பூட்டு தெரியும், புதிதாக வாங்கி வைத்திருப்பார்கள் என்றும் தெரியும். திருடர்கள் பலருடைய குறி, காசு போட்டால் ஓடுகிற கேஸ், கரண்ட் மீட்டர்கள். உள்ளே ரொக்கம் இருக்குமே. அந்த மீட்டர்களை எடுத்தார்கள். பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள். பிறகு ஊர் முழுக்கக் காவல் குழு என்று போகாமல், திருடு போன வீட்டைச் சுற்றி உள்ள ஆறு வீடுகளை மட்டும் 'இந்த வீட்டைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டுக்கொண்டார்கள். திருட்டு பாதிக்கு மேல் குறைந்தது.

இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. ஆறு வீடு என்றால் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

25 ஆகஸ்ட்

மேலே உள்ளதை நம் ஊருக்குப் பொருத்தினால்: உங்கள் நகரில் உடைக்கப்பட்ட அந்த இரண்டு வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்கள்? பூட்டு மாற்றினார்களா? பின்பக்கம் காலி மனையில் கருவேலம் புதராக மண்டிக் கிடக்கிறதா? இதை யாரும் எழுதவில்லை. திருட்டு நடந்த வீட்டுக்காரரை நம் ஆட்கள் முதல் நாள் கூட்டமாகப் போய்த் துக்கம் விசாரிப்பதோடு சரி.

6 செப்டம்பர்

கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. பின்பக்க மனைக்குச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம், கவுன்சிலர் மூலம் மாநகராட்சியில் சொல்லிப் புதரை வெட்டியாயிற்றாம். எரியாத தெருவிளக்கும் சரியானதாம். இதெல்லாம் போலீஸ் வேலை இல்லைதான், ஆனால் இருட்டும் புதரும் இருக்கிற வரை எந்தப் போலீஸ் வந்தும் பயனில்லை.

அப்புறம் அவர் எழுதிய ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. 'கட்டட வேலைக்கு வந்த வடமாநிலப் பையன்கள் ஷெட்டில் தங்கியிருக்கிறார்கள், அவர்கள் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம்.'

சந்தேகத்துக்கு ஏதாவது ஆதாரம் உண்டா? பாஷை தெரியாதவர்கள் என்பதைத் தவிர? 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, எத்தனை பேர் பயந்து மூட்டை கட்டினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து பார்த்தது. நம் காவல்துறை இந்தியில் பேசி தைரியம் சொன்னது. வதந்தி இரண்டு பக்கமும் வெட்டும்.

அந்த ஷெட்டுக்குப் போய்ப் பேசுங்கள். மேஸ்திரியை வைத்துப் பேசினாலும் சரி. ராத்திரி வெளியில் படுத்திருப்பவர்கள் அவர்கள், தெருவில் நடப்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் போனையும் செருப்பையும்கூடத் திருடுகிறார்கள். அவர்களுடைய புகாரை யாராவது எழுதிக்கொண்டார்களா?

8 செப்டம்பர்

'ஆதார் நகல் வாங்கி வைப்பதில் என்ன தப்பு' என்று கேட்டவருக்கு: வாடகைக்கு விட்டவர் வாங்கட்டும், தேவையென்றால் போலீஸ் வாங்கட்டும். சங்கச் செயலாளர் வீட்டு அலமாரியில் நாற்பது பேருடைய ஆதார் நகல் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை. சங்கம் உங்கள் ஆதாரைக் கேட்டால் கொடுப்பீர்களா?

28 செப்டம்பர்

இளைஞர்களைப் பற்றி எழுத மறந்தே போனது இந்த இழை. தடி கொடுக்காதே என்றால் அவர்களுக்கு என்னதான் வேலை?

சென்னையில் 2022இல் 'சிற்பி' என்று தொடங்கினார்கள். நூறு பள்ளிகள், பள்ளிக்கு ஐம்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், போலீஸே வழிகாட்டி. கோவையில் அதே ஆண்டு 'போலீஸ் அக்கா'. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பெண் காவலர், அவருடைய எண் மாணவிகள் கையில். மாணவிகள் ஏன் பேசுகிறார்கள் என்றால், எடுக்கப்போவது யார் என்று தெரியும். 100க்கு அடித்தால் யார் எடுப்பார் என்று தெரியாது. அவசரத்துக்கு 100 அல்லது 112தான், அதில் மாற்றமில்லை. ஆனால் 'இது சொல்லலாமா வேண்டாமா' என்று தயங்குகிற விஷயங்கள் பெயர் தெரிந்த ஆளிடம்தான் வரும்.

எங்கள் நகரில் பையன்கள் எடுத்துக்கொண்ட வேலை வேறு. வயதானவர்கள் வீடு வீடாகப் போய் ஆன்லைன் மோசடி பற்றிச் சொல்கிறார்கள். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டுகிறார்களே, அந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று சட்டத்தில் கிடையவே கிடையாது, பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வருகிறார்கள். இப்போது பூட்டை உடைக்காமலேயே ஓய்வூதியம் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார்களே, அதுவும் நம் தெருவில் நடக்கிற திருட்டுதான். ஒரு பாட்டி அந்தப் பையன்களை வாரா வாரம் வரச் சொல்கிறார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

14 அக்டோபர்

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு, சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து வரும் போலீஸ் கையெழுத்துப் போடுகிற பட்டா புத்தகம் உங்கள் தெருவில் எந்த வீட்டில் தொங்குகிறது என்றும் பாருங்கள். பல இடங்களில் அதற்குப் பதில் கியூஆர் குறியீடு வந்துவிட்டது. பால், பேப்பரை நிறுத்துங்கள். எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லி உங்கள் வாசலிலும் தண்ணீர் தெளித்து ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோலம் இல்லாத வாசல் ஆள் இல்லை என்று ஊருக்கே சொல்லிவிடும். 'ஃபேமிலியோடு கொடைக்கானல்' என்று ஸ்டேட்டஸ் வைப்பதைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

நகையை வீட்டில் வைக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், லாக்கர் வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். என்னிடம் நல்ல பதில் இல்லை. நம்பிக்கையான உறவினர் வீடுதான். வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

26 அக்டோபர்

இஸ்திரிக் கடை அண்ணன் செய்ததைச் சொல்லியாக வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் பூட்டிய வீடு ஒன்றின் காம்பவுண்டுக்குள் ஒருவர் நின்றுகொண்டிருந்திருக்கிறார். அண்ணன் சத்தம் போடவில்லை, கூட்டம் கூட்டவில்லை. எங்கள் ஏட்டுக்குப் போன் செய்தார், வீட்டுக்காரருக்கும் செய்தார். நின்றவர் வீட்டுக்காரரின் மச்சான், சாவி மாட்டிக்கொண்டு திறக்கவில்லை. ஏட்டு வந்து பேசிவிட்டு, மூன்று பேருமாகச் சேர்ந்து பூட்டைத் திறந்தார்கள். அந்த மச்சான் தாடியும் லுங்கியுமாக இருந்தார், வேற்றூர்க்காரர். பையன்கள் தடியோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

27 அக்டோபர்

'அது திருட்டே இல்லையே, இதில் தடுத்தது என்ன' என்கிறார் ஒருவர். நாளைக்கு நிஜத் திருடன் வந்தாலும் அதே போன், அதே ஏட்டு. இஸ்திரிக் கடைக்காரர் வாழ்க்கையில் போலீசுக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. கூப்பிட்டால் வருவார்கள், தன்னைத் திட்ட மாட்டார்கள், சாட்சி என்று இழுத்தடிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அது இல்லாமல் எந்தக் குழுவும் ஓடாது.

9 நவம்பர்

எங்கள் ஏட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது.

கேரளத்தில் 2008இல் 'ஜனமைத்ரி' என்ற சமூகக் காவல் திட்டத்தைத் தொடங்கியபோது இதை யோசித்திருக்கிறார்கள். பீட் அதிகாரி தன் பகுதியில் வீடு வீடாகப் போய் அறிமுகம் ஆக வேண்டும், பகுதி மக்களோடு சேர்ந்த சமிதி (குழு) ஒன்று இருக்க வேண்டும், குற்ற வழக்கில் உள்ளவர்களுக்கு அதில் இடமில்லை. 2011இல் வந்த கேரள போலீஸ் சட்டத்திலேயே சமூகக் காவல் முறையைச் சேர்த்தார்கள். சட்டத்தில் இருந்தால் அதிகாரி மாறினாலும் முறை கொஞ்சமாவது நிற்கும். நம்மிடம் அது இல்லாததால் ஒவ்வொரு மாற்றலுக்கும் நாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறோம்.

சும்மா இருக்க மனசில்லாமல் நேற்று உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். கேட்டவர்களுக்காக அதன் சாரம்: புதிதாக வருபவரைப் பழையவரே இரண்டு நாள் தெருவில் அழைத்துவந்து அறிமுகம் செய்ய வேண்டும், பழைய கைபேசி எண்ணே புதியவருக்குப் போகும்படி எண் பணியிடத்துக்கு உரியதாக இருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டாவது ஒரே ஆள் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர்களில் இஸ்திரிக் கடை அண்ணனும், எங்கள் பக்கம் கட்டட ஷெட்டில் இருக்கிற ஒடிசாக்காரப் பையன்கள் சிலரும், அந்தக் கல்லூரி மாணவியும் உண்டு. முதல் இரண்டையும் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவது தங்கள் கையில் இல்லை என்றார்கள். அது யார் கையில் இருக்கிறது என்று கேட்டு, ஆணையருக்கு அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் நகரிலும் இதே கோரிக்கை இருந்தால் சேர்ந்து கொடுக்கலாம், எழுதுங்கள்.